கஞ்சி போட்ட நட்சத்திரங்கள்

சிரித்துக்கொண்டே கோபித்துக்கொள்ளத் தெரிந்த என் அண்ணிக்கு,

இனியா இப்போது ‘ஸ்டார்’ என்று சரியாகச் சொல்கிறாள். போன வருஷம் வரை ‘டா, டா’ என்று விரலை நீட்டுவாளே, அது போய்விட்டது. எல்.கே.ஜி. மிஸ் திருத்திவிட்டார்கள் போல. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உங்களுக்கும் இருந்திருக்கும்.

மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே கம்பெனிக்குத்தான் போகிறான். சாயங்காலம் மகளோடு இருக்க வேண்டும் என்று பகல் ஷிப்டாகக் கேட்டு வாங்கியிருக்கிறான். அம்மாவுக்கு மழையில் கூடிய முட்டிவலி வெயில் வந்ததும் குறைந்துவிட்டது. பாரிவாக்கம் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. நம் தெருக்கோடியில் தேங்கிய தண்ணீர் வடிந்து, ஆட்டோக்காரர்கள் மறுபடியும் முணுமுணுக்காமல் வாசல் வரை வருகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்காதீர்கள். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வருஷம் நம் வீட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டலாமா, கூடாதா? இதற்காக இங்கே ஒரு போராட்டமே நடந்தது. சத்தமில்லாத போராட்டம். நான் நடத்துகிற போராட்டத்தில் சத்தம் எங்கிருந்து வரும்?

கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வருகிறது. நீங்கள் கொரட்டூரில் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர். நாங்கள் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். நீங்களும் அண்ணனும் கம்பெனி பஸ்ஸில் பழகிக் கல்யாணம் வரை வந்தபோது, உங்கள் அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகவில்லை. புடவை நிறத்திலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை சண்டை. கடைசியில் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அங்கேயும் யார் முதலில் மாலை எடுத்துக் கொடுப்பது என்று ஒரு முறைப்பு.

இங்கே வந்த முதல் டிசம்பரில் நீங்கள் வாசலில் ஒரு காகித நட்சத்திரம் கட்டவா என்று கேட்டீர்கள். அம்மா உடனே சொல்லிவிட்டாள்.

“வாசல்ல வேணாம். பங்காளிங்க எல்லாம் இதே தெருவுலதான் கீறாங்க. வாயில போட்டு மெல்லுவாங்க.”

“வெளிய வேணாம். உள்ள?” என்றீர்கள் நீங்கள்.

“உள்ள நீ இன்னா வேணா பண்ணிக்கோ. யாரு வந்து பாக்கப் போறா?”

அந்த வார்த்தையை நீங்கள் அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். அந்த வருஷம் செய்தித்தாளில் வெட்டிய நட்சத்திரங்களை ஜன்னலில் ஒட்டினீர்கள். மழைச்சாரலில் அவை ஊறி உதிர்ந்துவிட்டன. பிறகு இனியா பிறந்தாள். அதற்குப் பிறகுதான் நூல் வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம் அது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது, இனியா கைக்குழந்தை, நீங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. யாராவது கேட்டால் இதைத்தான் காரணமாகச் சொல்வோம். ஆனால் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். வீட்டிலேயே இரு என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்ததும் தெரியும். நீங்கள் ஒரு தடவைகூட ‘ஏன் படிக்கல’ என்று கேட்டதில்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது இரண்டு குரோஷா ஊசிகளும் வெள்ளை நூல் உருண்டைகளும் வாங்கி வந்தீர்கள்.

“எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து கெடுக்கலாம் வா.”

போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து, முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் கைகளைப் பார்த்துப் பின்னத் தொடங்கினோம். அவள் பேசிய மொழி நமக்குப் புரியவில்லை. கை மட்டும் புரிந்தது. ஊசியின் கொக்கியில் நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. கண்ணிக்குள் கண்ணி விட்டுக்கொண்டே போனால் சங்கிலி. சங்கிலியை வளையமாக்கி அதிலிருந்து முனைகளை வளர்த்தால் நட்சத்திரம். எனக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை. நூலை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பீர்கள். உங்கள் நட்சத்திரம் ஒன்றுகூடத் தட்டையாக வந்ததில்லை. எல்லாம் குழிந்து கிண்ணமாக நிற்கும்.

“உன்னுது ஸ்டார் மாரி கீது. என்னுது இட்லி மாரி கீது,” என்பீர்கள். “பரவால்ல விடு. இயேசு பொறந்தப்போ அவங்களுக்கும் பசிச்சிருக்கும்.”

அந்த வீடியோவில் பனித்துகள் என்று ஒன்று வந்தது. ஆறு முனையும் நடுவில் பூவேலையும். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது இன்னாடி, கோலமா?” என்றாள்.

“பனி,” என்றேன்.

“பனியா? இந்த மாரியா இருக்கும் பனி?”

“வெளிநாட்டுல இப்டித்தான் வுழுமாம்,” என்றீர்கள் நீங்கள்.

“நம்ம ஊர்ல வுழுந்தா?”

“வானகரத்துல டிராபிக் நின்னுடும்.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

பின்னியதெல்லாம் துவண்டு தொங்கியது. விறைப்பாக நிற்க வேண்டும் என்றால் கெட்டியான சர்க்கரைத் தண்ணீரில் முக்கிக் காயவைக்க வேண்டும் என்று அந்த வீடியோவில் காட்டினார்கள். முக்கினோம். ஜன்னல் முழுக்கக் கட்டிவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் ஜன்னலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் எறும்பு வரிசை. ஒவ்வொரு நட்சத்திரமும் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு வந்து திட்டிய திட்டு உங்களுக்கு நினைவிருக்குமே? அன்றிலிருந்து நம் நட்சத்திரங்கள் துவண்டே தொங்கின. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

மாசி மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். சில நாள் காய்ச்சல்தான். அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. உங்கள் அம்மா கேட்டபடி கொரட்டூர் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். எங்கள் அம்மா கேட்டபடி பதினாறாம் நாள் காரியமும் இங்கே நடந்தது. பிறகு அம்மா உங்கள் புடவைகளை மடித்து எடுத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். இறந்தவர்களின் துணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். நான் எதுவும் சொல்லவில்லை. நட்சத்திரங்கள் இருந்த அட்டைப்பெட்டி அலமாரியின் மேல்தட்டில், யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

நவம்பர் மழை விட்டதும் இனியாதான் கேட்டாள்.

“அத்தே, ஸ்டார் எப்போ?”

பெட்டியை இறக்கினோம். அலமாரிச் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. சிலவற்றில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளிகள். மற்றவை பழுத்துப்போயிருந்தன. உங்கள் கிண்ணங்கள் மட்டும் அப்படியே இருந்தன. இறுக்கிப் பின்னினால் பூஞ்சைக்கும் இடமில்லை போலிருக்கிறது. நல்லவற்றைத் துவைக்கலாம், போனவற்றுக்குப் பதில் புதிதாகப் பின்னலாம் என்று நான் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள்.

“இன்னாத்துக்கு இதெல்லாம் எறக்கினே?”

“கிறிஸ்மஸ் வருதும்மா.”

“வருஷம் ஆவலியே கௌரி. சாவு வுழுந்த ஊட்ல பண்டிக ஏது? தீபாவளிக்கே எண்ணெய்ச் சட்டி வெக்கல நானு.”

அது உண்மை. தீபாவளிக்கு ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை. மார்கழி பிறந்த பிறகும் வாசலில் தண்ணீர் தெளிப்பதோடு சரி, கோலம் கிடையாது. தெருவில் எல்லா வாசலும் நிறைந்திருக்க, நம் வாசல் மட்டும் ஈரத்தரையாக இருக்கும். மார்கழிக் கோலத்துக்காக ஐப்பசியிலேயே கலர்ப்பொடி வாங்கி வைக்கிறவள் அம்மா. அவள் உங்களுக்காக அதை விட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளிடம் நான் என்ன சொல்வது?

அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே, “அம்மா இன்னா சொல்லுதோ அப்டியே செய்,” என்றான். அவனுக்கு உங்கள் பேச்சை எடுத்தால் சோறு இறங்குவதில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒரே நம்பிக்கை உங்கள் அம்மா. அவர்கள் கட்டலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எங்கள் அம்மாவுக்கு எதிராக அதைக் காட்டலாம் என்று நினைத்தேன். இனியாவைவிட்டுப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் கேட்டது அவர்கள் குரல்.

“இல்லடா செல்லம். எங்க பக்கத்துலயும் சாவு ஊட்ல ஸ்டார் கட்ட மாட்டாங்க. கேக்கு சுட மாட்டோம். கோயிலுக்குப் போய்ட்டு வந்து சும்மா உக்காந்துப்போம். அடுத்த வருஷம் கட்டலாம், இன்னா?”

பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா, “கரெக்டா சொன்னீங்க சம்மந்தி,” என்றாள்.

இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டார்கள் அண்ணி. கல்யாணத்தில், குழந்தைக்குப் பெயர் வைப்பதில், காது குத்துவதில் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சரி, ஒரு வருஷம்தானே, போகட்டும் என்று நானும் பெட்டியை மூடிவிட்டிருப்பேன். இனியா அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்காவிட்டால்.

எதிரே போன வருஷம் வந்த அபார்ட்மென்ட்டில் முதல் மாடி பால்கனியில் ஒரு பெரிய நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். நாங்கள் பால் வாங்கிவிட்டு வரும்போது அதைக் கட்டியிருந்த அக்கா கேட்டில் நின்றிருந்தார்கள். சும்மா அன்பாகத்தான் கேட்டார்கள்.

“உங்க ஊட்ல ஸ்டார் கட்டலியா பாப்பா? போன வருஷம் மேலேர்ந்து பாத்தப்ப ஜன்னல்ல நெறைய இருந்துச்சே?”

இனியா சொன்னாள்: “எங்க அம்மாதான் கிறிஸ்டின். அம்மா இல்ல. இப்ப எங்க ஊடு கிறிஸ்டின் இல்ல.”

அழவில்லை அண்ணி. பால் தீர்ந்துபோச்சு என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு வரும்வரை அவள் கை என் கைக்குள் இருந்தது. இவளாகவே கணக்குப் போட்டு முடித்துவிட்டாளே! அம்மா போனால் அம்மாவோடு வந்ததெல்லாம் போய்விடும் என்று இந்தக் குழந்தைக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் செய்து காட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நூல் வாங்கப் பூந்தமல்லிக்குப் போனேன். கட்டப்போகிறோமா இல்லையா என்று தெரியாமலேயே. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாம் எப்போதும் போகும் பாய் கடைக்கு. தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. பாய் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னாமா, தனியா வந்துகீறே? எங்க அந்தப் பொண்ணு? உன் பங்குக்கும் சேத்து அதுதானே பேசும்?”

‘வரல’ என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் ஏனோ வாய் அப்படி வரவில்லை.

“அண்ணி எறந்துட்டாங்க பாய்.”

அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அம்மாவோ அண்ணனோ சொல்லிவிடுவார்கள். பாய் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார்.

“புள்ள ஒண்ணு இருந்துச்சே?”

“எங்ககிட்டதான் கீது. எல்.கே.ஜி. போவுது.”

“நல்லாருக்கட்டும். பாத்துக்கோ,” என்றவர், நான் கேட்காமலேயே வெள்ளை நூலை எடுத்து வைத்தார். “இதானே எப்பவும்?” என்றார். தலையாட்டினேன்.

ஷேர் ஆட்டோவில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சொல்லிவிட்டோமே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குரல் நடுங்கினாலும் வார்த்தை வெளியே வந்துவிடுகிறது. நீங்கள் எப்போதும் இதைத்தான் சொல்வீர்கள். நான் நம்பியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு வசதி.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“தீபாவளி நம்ம பண்டிக. அண்ணிக்காக நாம அத வுட்டுட்டோம். கோலத்த வுட்டுட்டோம். அதெல்லாம் நம்முது, நாம வுடலாம். கிறிஸ்மஸ் அண்ணியோடதும்மா. அவங்களோடத நாம எப்டி வுட முடியும்?”

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

“இனியா எதிர் ஊட்ல போய், நம்ம ஊடு இனிமே கிறிஸ்டின் இல்லன்னு சொல்லுதும்மா.”

“யார்ட்ட?”

“அந்த அபார்ட்மென்ட் அக்காகிட்ட.”

அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “மாடில துணி காயுது பாரு. வானம் இருட்டிக்கினு வருது. போய் எடு,” என்றாள்.

அவ்வளவுதான். துணியை எடுத்துவந்தேன். மழை வரவே இல்லை. அன்று முழுவதும் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. சரி, பேசியாவது பார்த்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் இனியாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, புது நூலைப் பெட்டியில் வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தால் பெட்டி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. உங்கள் புடவைகள் போன விதம் கண்முன் வந்தது. நான் பேசியதால்தான் அம்மா அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டாளா? பேசாமலே இருந்திருந்தால் பெட்டியிலாவது இருந்திருக்குமே? அம்மாவைக் கூப்பிட்டேன். மாடியிலிருந்து குரல் வந்தது.

“இங்க கீறேன். மெதுவா வா, படியெல்லாம் ஈரம்.”

மாடிக்கு ஓடினேன். கொடியில் அண்ணனுடைய வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, கிளிப் மாட்டி, நம் நட்சத்திரங்கள். விறைப்பாக. ஒரு முனைகூடத் துவளாமல், அப்பளம் போல. எல்லாமே நீலம்.

வெளிர்நீலம் என்றுகூடச் சொல்ல முடியாது அண்ணி. பள்ளிக்கூட யூனிபார்ம் நீலம்.

“தொளதொளன்னு கெடந்துச்சு. சட்டைக்குப் போட்ட வடிகஞ்சி மிச்சம் இருந்துச்சு, அதுலயே அலசிப்போட்டேன்,” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். “பழுப்பாப் போயிருந்துச்சே, வெளுக்கட்டும்னு சொட்டு நீலம் வுட்டேன். மூடி கழண்டுக்கிச்சு. கொஞ்சம் தூக்கலா வுழுந்துடுச்சு.”

“கொஞ்சமா?” என்றேன்.

“சட்டையெல்லாம் நல்ல வேளை அதுக்கு முன்னாடியே புழிஞ்சிட்டேன்.”

பூஞ்சை பிடித்தவற்றைக்கூட எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்துக் கறை எடுத்திருந்தாள். எடுக்க முடியாத ஒன்றிரண்டைத்தான் ஓரமாக வைத்திருந்தாள். மாடிச் சுவர் மேல் வரிசையாக எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் உங்கள் கிண்ணம் ஒன்று தொப்பி போல உட்கார்ந்திருந்தது.

“இது மட்டும் ஏம்மா இப்டி?”

“அது கிண்ணம் தானே? வாய் கோணாம இருக்கணுமே.”

“அதுவும் ஸ்டார்தாம்மா. அண்ணி போட்டது.”

“இதுவா ஸ்டாரு?” என்று அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் இனியா மேலே வந்து, ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து ஆட்டி, “ஆயா, பெல்லு!” என்றாள். சரிதான். கஞ்சி ஏறிய உங்கள் நட்சத்திரங்கள் அசல் மணிகளாக ஆகியிருந்தன. நடுவில் நூல் கோத்துத் தொங்கவிட வேண்டியதுதான் பாக்கி.

நான் அம்மாவைக் கேட்டேன், கட்டலாமா என்று. கேட்காமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் காதால் கேட்க வேண்டும் போல இருந்தது.

“நீயே வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுட்டே. நான் இன்னா சொல்றது அதுக்கு மேல? உள்ள கட்டு. பலகாரம் கெடையாது, புதுத்துணி கெடையாது. அதெல்லாம் வருஷம் ஆனப்புறம்.”

அன்று சாயங்காலமே கட்டினோம். ஜன்னல் கம்பியில், டி.வி. மேல், ஃபிரிட்ஜ் கைப்பிடியில், உங்கள் போட்டோவைச் சுற்றி. புது நூலில் நான் அவசரமாகப் பின்னிய ஒன்றிரண்டு வெள்ளை நட்சத்திரங்கள் நீலத்துக்கு நடுவே. அண்ணன் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். பிறகு ஸ்டூலை எடுத்துப்போட்டு, எனக்கு எட்டாத இடத்தில் ஒரு மணியைக் கட்டினான். அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா வந்தார்கள். நான் அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டேன். பயம்தான். உள்ளே வந்து செருப்பைக் கழற்றியவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

“இன்னா சம்மந்தி இது? கட்ட மாட்டோம்னுதானே பேசினோம்?”

“வாசல்ல கட்டல சம்மந்தி. உள்ளதான். தெருவுக்குத் தெரியாது. கொழந்தைக்குத் தெரிஞ்சா போதும்.”

நான் வெந்நீரைத் தேவையில்லாமல் கிளறிக்கொண்டிருந்தேன்.

“அது சரி. இன்னாத்துக்கு எல்லாம் நீலமா கீது?”

“நான்தான் போட்டேன்.”

“ஸ்டாருக்குப் போய் யாராவது நீலம் போடுவாங்களா?”

“வானம் இன்னா கலரு?”

“ராத்திரிதானே ஸ்டாரு வரும்? கறுப்பு.”

“கறுப்பு போட்டிருந்தா அதுக்கும் ஒண்ணு சொல்வீங்க.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வீடு பழையபடி ஆகிவிட்டது. இரண்டு பேரும் சண்டை போட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சண்டைக்கு நடுவே உங்கள் அம்மா எழுந்துபோய் உங்கள் மணி ஒன்றைத் தொட்டார்கள். விரலால் அழுத்திப் பார்த்தார்கள்.

“இது லில்லி போட்டது,” என்றார்கள். “சின்னதுல அவ ரிப்பன் முடிச்சு போட்டா, அவுக்க முடியாது. கத்தரிக்கோல்தான் எடுக்கணும்.”

எங்கள் அம்மா உடனே, “வெங்காயப் பக்கோடா போட்றேன், சாப்ட்டுட்டுப் போங்க,” என்றாள். பலகாரம் கிடையாது என்று சொன்னவள். பக்கோடா பலகாரத்தில் சேர்த்தி இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி கடைசிச் செய்தி. நேற்று முன்தினம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவில் கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். டிரம்ஸ், கிடார், முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா எல்லாம். நட்சத்திரம் தெரிகிற வீடுகளுக்கு மட்டும் போவார்கள் இல்லையா? எதிர் அபார்ட்மென்ட்டில் பாடிவிட்டு நம் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இனியா கையில் ஒரு மணியோடு கேட் வரைக்கும் ஓடிவிட்டாள். கூப்பிடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பின்னாலேயே நானும் அம்மாவும் போனோம். கூட்டத்தில் பெரியவராக இருந்த ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு நின்றார். இருட்டில் நம் வாசலை மேலும் கீழும் பார்த்தார்.

“கிறிஸ்டின் ஊடாம்மா இது?”

இனியா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா கேட்டைத் திறந்துவிட்டாள்.

“எங்க மருமவ ஊடு. உள்ள வாங்க.”

வந்தார்கள். ஹாலுக்குள் கால் வைத்ததும் உங்கள் போட்டோவைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். டிரம்ஸை வெளியிலேயே வைத்துவிட்டார்கள். கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளே பார்த்தால் ஆவடிப் பக்கத்துப் பையன் மாதிரி இருந்தான். கிடார் மட்டும் மெதுவாக வாசித்து ஒரு பாட்டுப் பாடினார்கள். அண்ணன் இனியாவைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். அம்மா சாமி கும்பிடுவதைப் போலக் கைகூப்பி நின்றாள். ஜெபம் செய்துவிட்டு அவர்கள் கிளம்பப் பார்த்தபோது அம்மா கேட்டாள்.

“முடிஞ்சிதா? இன்னொண்ணு பாடுங்கப்பா. அவளுக்கு ஒண்ணு போதாது.”

பாடினார்கள். இந்தத் தடவை இனியாவும் சேர்ந்துகொண்டாள். வார்த்தை தெரியாது, இழுவை மட்டும். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, “அத்தே, அவுங்க அடுத்த வருஷமும் நம்ம ஊட்டுக்கு வருவாங்க இல்ல?” என்றாள். வருவார்கள் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அதனால் உங்களுக்கும் சொல்கிறேன் அண்ணி. வருஷா வருஷம் இந்த ஜன்னல் காலியாக இருக்காது. இனியா வளர்ந்து, எந்தக் கோயிலுக்குப் போவாள், யாரைக் கும்பிடுவாள் என்பதெல்லாம் அவள் பாடு. ஆனால் இது யாருடைய வீடு என்று யார் கேட்டாலும், அவள் தரையைப் பார்க்க வேண்டி வராது. பக்கத்தில் நான் நிற்பேன், வாயைத் திறந்து பதில் சொல்வேன். நீலம் போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் இரண்டு அம்மாக்களும் சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளட்டும்.

உங்கள் பேச்சில்லாத சின்ன நாத்தி,
கௌரி